மாற்றத்தை அறிவிக்கும் கடமை

(புளியங்குடியில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூர் எலுமிச்சைச் சந்தையில் ஒரு கடை எடைமுறையை மாற்றுகிறது என்று கொள்வோம். முன்னரே அறிவியாத அக்கடையில் மறுநாள் எந்த உழவர் மூட்டையை இறக்குவார்? மாற்றம் நன்றே ஆயினும், சொல்லாமற் செய்தால் நம்பிக்கை கெடும். கணினித் துறைக்கும் இந்நெறி பொருந்தும்.

மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது திறமூல மென்பொருள். பலரும் தத்தம் செயலிகளில் எடுத்தாளுமாறு ஆக்கிவைத்த நிரல்களின் தொகுப்பு நிரலகம். பைத்தான் என்னும் நிரல்மொழியில் அமைந்த 'ஓப்பன் தமிழ்' அத்தகையது. தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருவது அதன் பணிகளுள் ஒன்று.

அப்பணி எளிதன்று. 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு எழுத்து 3. ஒருங்குறியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனக் குறியீடு 5. நேற்றுவரை 5 என எண்ணிய ஒரு நிரலகம், இன்று திருந்தி 3 என எண்ணுகிறது என்க. திருத்தம் சரியே. ஆனால், குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவர் ஒருவர் பழைய 5-இலிருந்து குறிகள் இரண்டைத் தாமே கழித்துக் கொண்டிருந்தார். இன்று அவர் செயலி 3-இலும் இரண்டைக் கழித்து, மூன்று கட்டம் வேண்டிய சொல்லுக்கு ஒரே கட்டம் தரும். அவர் தம் நிரலிலேயே பிழை தேடி நாள்களை இழப்பார். இறுதியில் நிரலகத்தையே கைவிடுவார். ஒரு வரி அறிவிப்பு அவ்விழப்பைத் தடுத்திருக்கும்.

அவ்வரிக்கு உரிய இடமே மாற்றப் பதிவேடு. நிரலர் தமக்காகக் குறித்த அன்றாடக் குறிப்புகளை அப்படியே கொட்டுவது பதிவேடாகாது. 'எண்ணும் முறை திருத்தப்பட்டது' என்பது செய்தவர் பேச்சு. 'இனிக் குறியீடுகள் அல்ல, எழுத்துகளே எண்ணப்படும். குறிகளைக் கழிக்கும் வரியை நீக்கிவிடுக' என்பதே பயன்படுத்துவோர்க்கு உதவும் பேச்சு.

அண்மைப் பதிப்பு மேலே நிற்கவேண்டும். ஒவ்வொன்றிலும் பதிப்பெண்ணும் நாளும் வேண்டும். சேர்த்தவை, மாற்றியவை, பின்னர் நீக்கவிருப்பவை, நீக்கியவை, திருத்தியவை, பாதுகாப்புக்குரியவை என ஆறு தலைப்புகளில் வகுத்தல் இன்று பரவலான வழக்கம். பதிப்பெண்ணை மூன்றாகப் பகுப்போரும் உளர்: முதலெண் உயர்ந்தால் பழைய செயலி முறியக்கூடும், நடுவெண் புதிய வசதியையும் கடையெண் பிழைதிருத்தத்தையும் காட்டும்.

தமிழர்க்கு இது புதிதன்று. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் வடிவம் மாறின. பழைய நூலையும் புதிய நூலையும் ஒருங்கே படிப்பார்க்கு இன்றும் அப்பட்டியல் துணையாகும்.

தமிழுக்காகச் செய்த கருவியின் பதிவேடு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது முறையா? தமிழ்வழி பயின்ற புளியங்குடி இளைஞர் வாயிலிலேயே நின்றுவிடுவர். உலகோர்க்கு ஆங்கிலத்திலும் எழுதுக. நம்மவர்க்குத் தமிழில் முதற்கண் எழுதுக! நிரல் எழுத இயலாத தமிழாசிரியரும் இப்பணியில் தோள்கொடுக்கலாம். தெளிந்த தமிழில் நான்கு வரி எழுதுவதும் தமிழ்த்தொண்டே!