சிதறிய ஓட்டு எங்கே போய்ச் சேரும்?



நம் பாரோய் இருக்கும் ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. 2018 ஏப்ரல் 28, அங்கே வேட்புமனு நாள். மனுவோடு வந்த வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராமிடம் நுழைவு பாஸ் இல்லையென்று வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். எதிர் வேட்பாளர் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். ரந்தாவ் மக்களுக்குச் சட்டமன்ற ஓட்டுச்சீட்டே கிடைக்கவில்லை! நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. 2019 ஏப்ரல் 13 இடைத்தேர்தலிலும் முகமட் ஹசானே ஜெயித்தார், 4,510 ஓட்டு வித்தியாசத்தில். இருக்கட்டும். ஸ்ரீராமுக்கு விழுந்த 5,887 ஓட்டும் அன்றைக்குத்தானே எண்ணப்பட்டன?

எண்ணினால் மட்டும் போதுமா?

2013இல் மக்கள் கூட்டணி நாடு முழுக்க 50.87 விழுக்காடு ஓட்டு வாங்கியது. கிடைத்தது 89 இடம். 47.38 விழுக்காடு வாங்கிய தேசிய முன்னணிக்கு 133. தொகுதியில் முந்தியவருக்கே எல்லாம், மற்றவர் ஓட்டு குப்பைக்கு. தொகுதிகளாவது சமமா? 2022இல் பாங்கியில் 303,430 வாக்காளர்கள், சரவாக்கின் இகானில் 28,290. இரண்டுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர்தான்.

இதில் அதிகம் அடிபடுவது சிதறிக் கிடப்பவர்கள். இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோது, சேர்ந்திருந்த கொஞ்ச ஓட்டும் திசைக்கொன்றாகப் போனது.

இலங்கையைப் பாருங்கள். 1970இல் அதிக ஓட்டு வாங்கிய ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 17 இடம். 1977இல் ஏறக்குறைய பாதி ஓட்டுக்கு அதே கட்சி 168இல் 140ஐ அள்ளியது. 1978 அரசியலமைப்பு, வாங்கிய ஓட்டுக்கேற்ப இடம் தரும் விகிதாச்சார முறையைக் கொண்டுவந்தது. அங்கே அதிபர் தேர்தலில் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிப்பதும் உண்டு. 2024இல் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்க வென்றார். ஒற்றைப் பதவிக்கு அது சரி. சிதறியவர்களுக்கு விகிதாச்சாரமே வழி.

“தொகுதிக்கென்று ஒருவர் இல்லாவிட்டால், கால்வாய் அடைக்கும்போது யாரைக் கூப்பிடுவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நியூசிலாந்தில் 1996 முதல் தொகுதிக்கு ஓர் ஓட்டு, கட்சிக்கு ஓர் ஓட்டு. தொகுதிக்காரரும் இருக்கிறார், கணக்கும் நேராகிறது. புது முறை நமக்கு ஒத்துவராது என்பவர்கள், ஆட்சியாளரையே உண்டாங் எனும் மரபுத் தலைவர்கள் நால்வர் கூடித் தேர்ந்தெடுக்கும் நம் மாநிலத்தில் நின்று அதைச் சொல்ல வேண்டாம்.

நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒருவர் என்பது நம் அரசியலமைப்பின் 116ஆம் விதி. அதைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அடுத்த முறை கோயில் மண்டபத்துக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம், சாலை விளக்கைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “116ஐத் திருத்தக் கை தூக்குவீர்களா?”