இருமல் அடங்கிய பிறகு

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, “யாரோ நினைக்கிறாங்க” என்று சொல்லித் தண்ணீர் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். இருமல் அடங்கியதும் எல்லோரும் அவரவர் இலைக்குத் திரும்பிவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான்; உள்ளே போனது இருமலோடு வெளியே வந்திருக்கும். ஆனால் இருமல் இன்னொரு காரணத்தாலும் அடங்கலாம். போன பொருள் குரல்வளையைத் தாண்டிக் கீழே இறங்கி, நுரையீரலின் கிளைக்குழாய் ஒன்றில் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். குழந்தைக்குப் புரையேறினால் இந்தச் சந்தேகம் நமக்கு உடனே வருகிறது. பெரியவர்களுக்கென்றால் வீட்டுக்காரர்களுக்கும் வருவதில்லை, பல நேரம் மருத்துவருக்கும் வருவதில்லை. பெரியவர்களின் நுரையீரல் இப்படிக் கெடுவதற்கு உள்ளே போன பொருள் பாதிக் காரணம். அதை யாரும் தேடாமல் விடுவது மீதிக் காரணம் என்பேன்.

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை அகலமானது, குட்டையானது, கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவது. அதனால் தவறி விழும் பொருள் பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் போய்த் தங்குகிறது. கோழி எலும்பு, புளியங்கொட்டை, சப்போட்டா விதை, வாயில் அடக்கியபடியே தூங்கிப்போன பாக்கு, கழன்ற பல், மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். பிளாஸ்டிக்கும் உலோகமும் வருடக்கணக்கில் சும்மா கிடக்கக்கூடும். விதை ஈரத்தில் ஊறிப் பருக்கும். வேர்க்கடலையின் எண்ணெய் குழாயின் உட்சுவரை வீங்க வைக்கும். இரும்புச்சத்து மாத்திரை கரைந்து சுவரையே அரித்துப் புண்ணாக்கும். குழாய் பாதி அடைபட்டால், உள்ளே இழுத்த காற்று வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். அந்தப் பக்கம் மட்டும் வீசிங் கேட்கும். முழுதாக அடைபட்டால், அடைப்புக்கு அப்பால் உள்ள காற்றை ரத்தம் உறிஞ்சிக்கொள்ள, அந்தப் பகுதி சுருங்கிவிடும். வடிய வழியில்லாத சளி தேங்கும், கிருமி பெருகும், நிமோனியா வரும், சில சமயம் சீழ்க்கட்டியும் வரும்.

நோயாளி மருத்துவரிடம் போகும்போது புரையேறிய கதை மறந்துபோயிருக்கும். பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயாளி, குடிபோதையில் சாப்பிட்டவர் ஆகியோருக்குப் புரையேறியதே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும். அந்தக் குணம்தான் ஏமாற்றுகிறது. கிருமி குறைந்ததே தவிர அடைப்பு அப்படியே இருக்கிறது. சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி நிமோனியா. இப்படி எவ்வளவு காலம் தெரியாமல் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்தில் 47 வயதான ஒருவர் ஓயாத இருமலோடு வந்தார். எக்ஸ்ரேயில் ஒரு நிழல். புகைபிடிப்பவர் என்பதால் புற்றுநோயோ என்று பயந்தார்கள். குழாய்க்குள் கருவி விட்டுப் பார்த்தபோது வந்தது ஒரு பொம்மைச் சாலைக்கூம்பு, அவருடைய ஏழாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த விளையாட்டுச் சாமானின் துண்டு. 2017-இல் மருத்துவ இதழில் வெளியான தகவல் இது.

‘காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில், ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதை எதற்குத் தேட வேண்டும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருமுகிற எல்லோருக்கும் ஸ்கேன் எடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை, மருந்து கொடுத்தும் நிழல் கலையவில்லை, ஒவ்வொரு முறையும் நோய் ஒரே இடத்தில் வருகிறது என்றால், ‘எப்போதாவது பலமாகப் புரையேறியதா?’ என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆஸ்துமா என்று நினைத்துக்கொள்வதும் அப்படித்தான்: அது இரண்டு நுரையீரலையும் பிடிக்கும் நோய். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கேட்டால் இன்ஹேலரை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ‘எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே’ என்பது இன்னொரு பதில். உலோகமும் எலும்பும்தான் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியும். கடலையும் பாக்கும் பெரும்பாலும் தெரியாது. சி.டி. ஸ்கேன் இன்னும் நன்றாகக் காட்டும், ஆனால் சந்தேகம் பலமாக இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பிதான் முடிவாகச் சொல்லும்.

பிராங்கோஸ்கோப்பி என்றதும் பலர் பயப்படுகிறார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தக்கசிவு வரலாம், ஆக்சிஜன் குறையலாம். ஆனால் இந்தக் கலை பிறந்ததே இப்படியொரு பொருளை எடுக்கத்தான். 1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பைக் குழாய்க்கருவி விட்டு எடுத்தார். அதற்கு முன் கழுத்தையோ நெஞ்சையோ அறுக்க வேண்டியிருந்தது. இன்று வளையும் கருவியைக் கொண்டு, பல நேரம் மயக்க மருந்துகூட முழுதாகத் தேவைப்படாமல், எடுத்துவிட முடிகிறது. நாள் தள்ளத் தள்ள வேலை கடினமாகும். பொருளைச் சுற்றிச் சதை வளர்ந்து மூடும், தொட்டால் ரத்தம் கசியும், பார்க்கக் கட்டி மாதிரியே இருக்கும். சீக்கிரம் எடுத்தவர்களுக்குச் சுருங்கிய பகுதி பெரும்பாலும் மறுபடி விரிந்துவிடுகிறது. வருடக்கணக்கில் சீழ் தேங்கிச் சுவர் தளர்ந்து அகன்றுபோன குழாய், பொருளை எடுத்த பிறகும் பழையபடி ஆவதில்லை. சிலருக்கு நுரையீரலின் அந்த மடலையே அறுவை செய்து எடுக்க வேண்டிவருகிறது.