பனிக்கும் கத்தும் பெட்டி



எந்த அளவையும் மூன்று தடவை எடுக்கச் சொல்லி என்னை வறுத்தெடுத்த சார் முன்வரிசையில் இருக்கிறார். அவர் எதிரில்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இடத்தில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செயற்கைக்கோள் எச்சரிக்கை அப்போதும் இருந்தது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதலே அனுப்பி வருகிறது. ஆனால் 375 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கும் 'விர்ஸ்' கருவி நம் மலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை வாக்கில், மறுபடி இரவு ஒன்றரை வாக்கில். நடுவில் இரண்டரைக்குப் பிடித்தால்? காய்ந்த புல் காத்திருக்காது.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் தரை உணரிகள். நான் அப்படியொரு சோதனைத் திட்டத்தில் இரண்டு கோடை வேலை பார்த்தேன். மரத்தில் கட்டிய பெட்டி. உள்ளே சூடேற்றிய உலோக ஆக்ஸைடு. கார்பன் மோனாக்ஸைடு பட்டால் அதன் மின்தடை மாறும், காவலர் கைப்பேசிக்கு அலாரம் போகும். ஆய்வகத்தில் காகிதத்தைக் கொளுத்தினோம், உடனே கத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். மலையிலோ, அதே மின்தடை ஈரப்பதத்துக்கும் மாறியது. விடிகாலைப் பனிக்கெல்லாம் அலாரம். திருத்தம் எழுதினோம், குறைந்தது, நிற்கவில்லை.

கணக்குப் பாருங்கள். 100 பெட்டி, ஒவ்வொன்றும் 100 நாளில் ஒரே தடவை பொய் சொல்கிறது. நல்ல பெட்டிதானே? ஆனால் சராசரியாகத் தினம் ஒரு பொய்! அந்தச் சரிவில் கோடை முழுக்கப் பிடிப்பதே இரண்டு மூன்று தீ.

ஒவ்வொரு அலாரத்துக்கும் மலையேறி இறங்கினார் வேட்டைத் தடுப்புக் காவலர். "ஏண்ணே, நேத்து போகலையா?"ன்னு கேட்டேன். "சார், உங்க பெட்டி பனிக்கும் கத்துது, தூறலுக்கும் கத்துது. நெசமாத் தீப் பிடிச்சா எப்படிக் கத்தும்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பக்கத்துப் பெட்டிகள் இரண்டு சேர்ந்து சொன்னால்தான் அலாரம் என்று மாற்றினோம். பனி இரண்டின் மேலும் சேர்ந்துதான் இறங்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது! கடைசியில் கோபுரத்தில் கேமரா வைத்தோம். படத்தை ஒருவர் பார்த்த பிறகே அலாரம். சில நிமிடம் தாமதம்தான்; ஆனால் காவலர் மறுபடி ஏற ஆரம்பித்தார்.

இரண்டாம் கோடையில் இரண்டு தீ. ஒன்றைப் பெட்டி சொன்னது. மற்றது கேமராவுக்குத் தெரியாத பின்சரிவில். அதைக் காவலர்தான் புகையைப் பார்த்துச் சொன்னார். அங்கிருந்த பெட்டியின் பேட்டரி முந்தின வாரமே தீர்ந்துபோயிருந்தது. பேசாத பெட்டியை எங்கள் திரை பச்சையாகவே காட்டிக்கொண்டிருந்தது. அந்த நிரலை எழுதியவன் நான்தான். இப்போது மணிக்கு ஒரு தடவை 'இருக்கேன்' என்று சொல்லாத பெட்டி சிவப்பாகிவிடும்.