அடைப்பு எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

போன வருஷம் குரோம்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டு ஏறும்போது மார்பில் ஒரு இறுக்கம். ஆஞ்சியோகிராமில், இதய ரத்தக்குழாய் ஒன்றில் 60 சதவீதம் அடைப்பு என்றார்கள். உடனே ஸ்டென்ட் வைக்கச் சொன்னார்கள் உறவினர்கள். வைக்கவே கூடாது என்றது வாட்ஸ்அப். வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் தூக்கமில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆஞ்சியோகிராம் என்பது குழாயின் நிழற்படம். எவ்வளவு குறுகியிருக்கிறது என்று காட்டும். ரத்த ஓட்டம் எவ்வளவு குறைந்தது என்று சொல்லாது. நம் மாடித் தொட்டிக் குழாயை நினைத்துப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு எல்லாக் குழாயிலும் படிகிறது. ஆனாலும் ஒரு வீட்டில் நன்றாக வருகிறது, இன்னொரு வீட்டில் சொட்டுகிறது.

ஓட்டத்தை அளக்க எஃப்.எஃப்.ஆர். என்ற சோதனை இருக்கிறது. முடி போன்ற ஒயரை உள்ளே செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பார்கள். முன்னால் 100, பின்னால் 80 என்றால் விகிதம் 0.80. அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மருந்தே போதும்.

இன்னொன்று ஓ.சி.டி. குழாய்க்குள்ளிருந்தே ஒளியால் படம் எடுப்பது. முடியின் தடிமனைவிடச் சிறியதும் தெரியும். கொழுப்பா, கால்சியமா, வைத்த ஸ்டென்ட் சரியாகப் பதிந்ததா என்று பார்க்கலாம். இப்போது அந்தப் படத்திலிருந்தே கம்ப்யூட்டர் மூலம் ஓட்டத்தைக் கணக்கிடும் முறையும் வந்திருக்கிறது.

1977-ல் சூரிச்சில் குருன்ட்சிக் முதல் இதய ரத்தக்குழாய் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார். 1986-ல் அதை இந்தியாவில் தொடங்கியவர், நம் சென்னையில் பணியாற்றிய டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல். அன்றெல்லாம் படத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு. 2009-ல் வெளியான 'ஃபேம்' ஆய்வில் 1,005 நோயாளிகள். ஓட்டத்தை அளந்து செய்தபோது, ஒருவருக்குச் சராசரியாக 2.7 ஆக இருந்த ஸ்டென்ட் 1.9 ஆனது. ஒரு வருஷத்துக்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவை 18.3 சதவீதத்திலிருந்து 13.2 ஆகக் குறைந்தன.

எனக்கு வந்த எண் 0.86. ஸ்டென்ட் வேண்டாம் என்றார் டாக்டர். மாத்திரை, நடை, உப்பு குறைப்பு என்று ஓடுகிறது. அடுத்தவருக்கு 0.70 வந்தால் அவருக்கு ஸ்டென்ட்தான் சரியாக இருக்கலாம். என்னைப் பார்த்து யாரும் மறுத்துவிடாதீர்கள்.

மூன்று விஷயம் நினைவில் வையுங்கள். "ஓட்டத்தை அளந்து பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அந்த ஒயருக்குத் தனிச் செலவு உண்டு. இன்சூரன்ஸ் தருமா என்று முன்பே விசாரியுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: இதெல்லாம் நிதானமாக யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. மார்வலி விடாமல் இருந்து வியர்த்துக் கொட்டினால் எந்தக் கணக்கும் போடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். இரவு இரண்டு மணியானாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.