ஒரு நோய், பல மருத்துவர்கள்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை இன்று
(நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புற்றுநோயைப் பற்றிப் பேச நம் புதுக்கோட்டைக்குத் தனி உரிமை உண்டு. 1886-ல் இங்கே பிறந்து, மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு படித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார்.

அப்படியிருந்தும், மார்பில் கட்டி தென்பட்டால் இன்றும் நம் பெண்கள் வெளியே சொல்வதில்லை. வலி இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, அதுதான் ஆபத்து. கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்பதும் தவறு. பயாப்சி செய்யாமல் சரியான சிகிச்சையே கிடையாது.

அந்தப் பரிசோதனையில் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று விவரங்கள் வரும். ஹார்மோன் சார்ந்த நோய் என்றால் குறைந்தது 5 ஆண்டுகள் மாத்திரை உண்டு. ஹெர்-2 இருந்தால் அதற்கென்றே டிராஸ்டுசுமாப் என்ற ஊசி இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்தே நமக்கும் என்று நினைக்கக் கூடாது.

மார்பை முழுவதும் எடுத்தால்தான் பிழைக்க முடியும் என்ற காலமும் போய்விட்டது. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் அகற்றி, பிறகு ரேடியேஷன், அதாவது நாம் சொல்லும் 'கரண்ட்', வைத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2002-ல் காட்டின. கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்வார்கள்.

எது முதலில், எது பின்னால் என்பதை ஒருவரே முடிவு செய்வதைவிட, அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பது நல்லது. பெரிய மருத்துவமனைகளில் இதற்கு 'டியூமர் போர்டு' என்று பெயர். "எல்லா டாக்டர்களும் பார்த்துவிட்டார்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. 30 வயதைக் கடந்த பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அந்தக் குழுவில் நமக்கும் இடம் உண்டு. பாதியில் சிகிச்சையை விடுபவர்களில் பலர் துணைக்கு ஆள் இல்லாமலும், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாமலும் விடுபவர்கள். நம் தெருவில் ஒருவர் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டியிருந்தால், கூடப் போக ஒருவர், வீட்டில் சோறு வடிக்க ஒருவர் என்று நாம் நிற்க வேண்டும்.