புதிய வீட்டில் இணையத்திற்கு இடம்



லயத்தை விட்டுச் சொந்த வீட்டில் குடியேறும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. வீடு கட்டுங்கால் விளக்குக்கும் விசிறிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடம் குறிக்கிறோம், இணையத்தை மறந்துவிடுகிறோம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் பயில நேர்ந்தது. ஒரே கைப்பேசியை ஏந்தி, அலை கிட்டும் மூலையைத் தேடி அவர்கள் அலைந்ததை நாம் கண்டோம்.

கம்பியில்லா அலை இருக்கக் கம்பி எதற்கு என்று சிலர் வினவுவர். அலைக்குச் சுவரே பகை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கற்சுவரை ஓரளவு ஊடுருவும். ஆயினும் வேகம் குறைவு, அண்டை வீடுகளின் அலைகளும் அதிலேயே வந்து நெருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது; இரண்டு சுவர்களைக் கடப்பதற்குள் தளர்ந்துவிடும். கான்கிரீட் தளமிட்ட மாடி வீட்டில் இத்தொல்லை இன்னும் மிகுதி. ரூட்டரை முன்வாசலில் மாட்டினால், சாலையில் போவோருக்கே நல்ல அலை வாய்க்கும்! வீட்டின் நடுவே, சற்று உயரத்தில், திறந்த இடத்தில் அதனை வைத்தல் வேண்டும்.

ஆகவே, இடம்பெயராத தொலைக்காட்சிக்கும் மேசைக் கணினிக்கும் கம்பி, கைப்பேசிக்கு அலை. இதுவே நாம் பரிந்துரைக்கும் முறை. சுவர் பூசுவதற்கு முன்னரே, ரூட்டர் இருக்குமிடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் பதித்துவிடுங்கள். மாடியில் கூரையடிக்கும் ஒன்று செல்லட்டும். பின்னாளில் அங்கு அலைபரப்பி ஒன்று பொருத்தலாம். குழாய்க்குள் ஒரு கயிறும் கிடக்கட்டும், கம்பி இழுக்க உதவும். கேட் 6 வகைக் கம்பி 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். இல்லத்திற்கு அது தாராளம். முழுச் செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவையும் மலிவாக விற்கின்றன. மின்சாரக் கம்பி செல்லும் குழாயில் இதனையும் திணித்தல் கூடாது. அது ஆபத்து.

கட்டி முடித்த வரிசை வீட்டை வாங்கியோர், சுவரை வெட்டாமல் அதன் அடியோரமாகப் பிளாஸ்டிக் மூடுபாதை அமைத்துக் கம்பியை இட்டுச் செல்லலாம். அழகு சற்றுக் குறையும், பயன் குறையாது.

புதிதாய்க் கட்டுவோர் பூச்சு வேலைக்கு முதல் நாள், குழாய் பதித்த சுவர்களின்மேல் அளவுநாடாவை வைத்துக் கைப்பேசியிற் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி மாட்டச் சுவரைத் துளையிடும் நாளில் அப்படம் தேவைப்படும்.