லண்டன் ஒழித்த கூலிப் போர்டும் வேல்ஸ் காத்த கூலிச் சட்டமும்

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்திய அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



வேல்ஸ் என்ற சிறிய நாட்டைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிரிட்டன் என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீவுக்குள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. வேல்ஸ் மேற்குப் பக்கத்து மலைநாடு. ஜனத்தொகை சுமார் 31 லட்சம். தனிப் பாஷை உண்டு. மேட்டிலே ஆடு, பள்ளத்திலே நிலக்கரி என்றுதான் வெகுகாலம் ஜீவனம் நடந்தது.

1997-ல் ஜன வாக்கெடுப்பு நடந்தது. 1999-ல் கார்டிப் நகரில் அவர்களுக்கென்று ஒரு சட்டசபை வந்தது. அதற்கு இப்போது செனெத் என்று பெயர். விவசாயம், காடு, ஆறு, சுற்றுச்சூழல் ஆகியவை இந்தச் சபையின் கையில். தொழிலாளர் சட்டம், கடலடி நிலம், மிகப் பெரிய மின் நிலையங்களுக்கு அனுமதி ஆகியவை லண்டன் கையில். இந்தப் பாகப்பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லப்போகும் வழக்கு முழுவதும் இதைச் சுற்றித்தான் நடந்தது.

முதலில் பண்ணைக் கூலியை எடுத்துக்கொள்வோம். 1917-ல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை முழுகடித்தன. வெளிநாட்டுத் தானியம் வந்து சேருவது நிச்சயமில்லை என்றானது. அப்போதுதான் பிரிட்டிஷ் சர்க்காருக்குப் பண்ணையாளின் ஞாபகம் வந்தது! விவசாயிக்குத் தானியத்துக்கு உத்தரவாத விலை, பண்ணையாளுக்கு வாரம் 25 ஷில்லிங்குக்குக் குறையாத கூலி என்று சட்டம் போட்டார்கள். கூலி போர்டும் அமைந்தது. யுத்தம் முடிந்தது, தானிய விலை விழுந்தது. 1921-ல் போர்டைக் கலைத்தார்கள். கூலியும் கூடவே விழுந்தது. 1924-ல் லேபர் சர்க்கார் வந்து மீண்டும் கூலிக் கமிட்டிகளை ஏற்படுத்தியது. 1948-ல் அதற்கு ஒரு முழுச் சட்டம் வந்தது.

அந்தப் போர்டில் பண்ணை முதலாளிகள் தரப்பில் 8 பேர், தொழிலாளர் யூனியன் தரப்பில் 8 பேர், இருவரையும் சேராதவர்கள் 5 பேர். எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் என்று மேஜையின் இரு பக்கமும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசினார்கள். பண்ணை வேலையில் ஒரு பண்ணைக்கு ஓர் ஆள், இரண்டு ஆள்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். மில்லில் ஒரு ஷிப்டு முழுவதும் கேட்டில் நின்று குரல் கொடுக்கலாம்; தனியாக நிற்கும் ஆட்டிடையன் எஜமானனிடம் தனியாக என்ன பேரம் பேச முடியும்? அவனுக்காகப் பேசிய வாய் அந்தப் போர்டுதான்.

1993-ல் மற்றத் தொழில்களில் இருந்த கூலிக் கவுன்சில்களை எல்லாம் கன்சர்வேடிவ் சர்க்கார் ஒழித்தது. பண்ணைக் கூலி போர்டை மட்டும் தொடவில்லை. அதையும் 2013-ல் கன்சர்வேடிவ்-லிபரல் கூட்டு சர்க்கார் ஒழித்துக் கட்டியது. சொன்ன காரணம் என்ன? "நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது, தனிப் போர்டு எதற்கு?" கேட்பதற்கு நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் குறைந்தபட்சக் கூலி என்பது வீட்டுக்குத் தரை மாதிரி. தரை மட்டும் இருந்தால் குடியிருக்க முடியுமா? வேலை கற்றவனுக்கு ஒரு விகிதம், பத்துப் பேரை மேய்ப்பவனுக்கு ஒரு விகிதம், ஓவர்டைம், நோய்க்கால ஊதியம், இரவு வேலைப் படி, பிள்ளை பிறந்தால் ஒரு தொகை ஆகிய இத்தனையையும் போர்டுதான் நிர்ணயித்தது. ஆடு மேய்ப்பவன் நாய் வைத்திருந்தால் அந்த நாய்க்குக் கூட வாரப் படி உண்டு, தோழர்களே! சிரிக்காதீர்கள். நாய் இல்லாமல் அந்த மலையில் ஆடு மேய்க்க முடியாது. அதற்குத் தீனி போடுவது யார் பொறுப்பு என்பது கூலிக் கேள்விதான்.

வேல்ஸ் சட்டசபை இதற்கு ஒப்பவில்லை. 2013 ஜூலையில் அவசர மசோதா கொண்டுவந்து, வேல்ஸில் மட்டும் பண்ணைக் கூலி நிர்ணயம் தொடரும் என்று நிறைவேற்றியது. உடனே லண்டன் சர்க்காரின் அட்டர்னி ஜெனரல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். "இது விவசாயம் அல்ல, தொழிலாளர் விஷயம். தொழிலாளர் விஷயம் எங்கள் பாகம். அதில் கை வைக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது" என்பது அவர் வாதம். அதாவது, நிலம் விவசாயம், ஆடு விவசாயம், உரம் விவசாயம். உழைக்கிற ஆள் மட்டும் விவசாயம் அல்ல!

2014 ஜூலை 9-ந் தேதி தீர்ப்பு வந்தது. பண்ணைக் கூலியை ஒழுங்கு செய்வதும் விவசாயத்தைச் சேர்ந்ததுதான். அது தொழிலாளர் விஷயமாகவும் இருக்கிறது என்பதற்காக வேல்ஸின் அதிகாரம் போய்விடாது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த மாதமே மசோதா சட்டமாயிற்று. 2016-ல் இரு தரப்பும் உட்காரும் ஆலோசனைக் குழு அமைந்தது. பிற்பாடு 2017-ல் லண்டன் பார்லிமெண்டு அதிகாரப் பங்கீட்டைத் திருத்தி எழுதியது. அப்போது "தொழிலாளர் விஷயம் முழுவதும் எங்களுடையது" என்று எழுதிவிட்டு, "வேல்ஸின் 2014 பண்ணைச் சட்டத்தில் வரும் விஷயம் நீங்கலாக" என்று விலக்கும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று.

வை என்று ஒரு ஆறு. சில இடங்களில் அதுதான் வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் எல்லை. ஒரே மழை, ஒரே புல், ஒரே ஜாதி ஆடு. இக்கரையில் வேலை செய்கிறவனுக்குத் தர விகிதமும் நாய்ப்படியும் சட்டத்தில் உண்டு. அக்கரையில் இல்லை.

இனி அந்த நாட்டுப் பசுமைத் திட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய யூனியனில் இருந்தபோது விவசாயிக்கு நிலப் பரப்பைக் கணக்கிட்டு மானியம் வந்தது. அதாவது, நிலம் அதிகம் உள்ளவனுக்குப் பணமும் அதிகம். பிரிட்டன் வெளியேறிய பிறகு, வேல்ஸ் சர்க்கார் 2023-ல் ஒரு விவசாயச் சட்டம் செய்தது. இனி மண்ணையும் நீரையும் காப்பவர்களுக்கே மானியம் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் 2023 டிசம்பரில் வெளியிட்ட வரைவில், ஒவ்வொரு பண்ணையிலும் பத்தில் ஒரு பாகம் மரம் இருக்க வேண்டும் என்றும், இன்னொரு பத்தில் ஒரு பாகம் காட்டு உயிர்களுக்கு விட வேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது. நிலச் சொந்தக்காரன் சம்மதமில்லாமல் குத்தகைக்காரன் எப்படி மரம் நடுவான்? அதற்கும் முன்பே வெளியூர்க் கம்பெனிகள் வேல்ஸில் பண்ணைகளை விலைக்கு வாங்கி, மரம் நட்டு, தங்கள் புகைக்குக் கணக்குக் காட்டத் தொடங்கியிருந்தன. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

சர்க்கார் தானே போட்ட மதிப்பீட்டில், இந்தத் திட்டத்தால் பண்ணைகளில் 5,500 பேருடைய வேலை போகலாம் என்று இருந்தது. 2024 பிப்ரவரி 28-ல் ஆயிரக்கணக்கானோர் கார்டிப்பில் செனெத்தின் முன் திரண்டார்கள். மறு வாரம் அதே படிக்கட்டுகளில் 5,500 ஜோடி ரப்பர் பூட்சுகளை வரிசையாக வைத்தார்கள். ஆள் இல்லாத பூட்சுகள். சர்க்கார் இறங்கி வந்தது. திட்டத்தை 2026-க்குத் தள்ளி வைத்தது. 2025 ஜூலையில் வெளியிட்ட இறுதித் திட்டத்தில் மரத்துக்கான பத்தில் ஒரு பாக நிபந்தனை இல்லை. அதற்குப் பதில் நாடு முழுவதற்குமாக 2030-க்குள் 17,000 ஹெக்டேர், அதாவது சுமார் 42,000 ஏக்கர், என்று இலக்கு வைத்தார்கள்.

இதிலே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிக்கட்டில் நின்று வாதாடியவர்கள் பெரும்பாலும் பண்ணை வைத்திருப்பவர்கள். அவர்கள் குறையும் உண்மைதான், சிறு விவசாயியின் நிலை மோசம்தான். ஆனால் அந்தப் பூட்சுகளில் கால் வைத்து நடக்கும் கூலியாளுக்கு அந்தக் கூட்டத்தில் தனியாக மேடை இல்லை. மானியம் பண்ணைக்காரன் கைக்குத்தான் போகிறது. கூலியாளுக்கு மிஞ்சியிருப்பது 2014-ல் கோர்ட்டு ஏறிக் காப்பாற்றிய அந்தச் சட்டம்.

மில் தோழர்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். போர்ட் டால்பட் உருக்காலையின் கதை உங்களுடையது. வேல்ஸிலேயே அதிகப் புகை விட்ட ஆலை அது. 2007-ல் டாட்டா கம்பெனி அதை வாங்கியது. ஊதுலைகளை மூடிவிட்டு, பழைய இரும்பை உருக்கும் மின்சார உலை வைப்பது என்று 2023 செப்டம்பரில் ஒப்பந்தமானது. செலவு 125 கோடி பவுன். அதில் 50 கோடி லண்டன் சர்க்காரின் பணம். பேசியவர்கள் டாட்டாவும் லண்டனும். வேல்ஸ் சர்க்கார் வேடிக்கை பார்க்கும் இடத்தில்தான் இருந்தது. மின்சார உலை தயாராகும் வரை ஒரு ஊதுலையையாவது ஓட விடுங்கள் என்று யூனியன்கள் மாற்றுத் திட்டம் கொடுத்தன. நஷ்டம் தாங்காது என்று கம்பெனி மறுத்தது. 2024 செப்டம்பர் 30-ல் கடைசி ஊதுலை அணைந்தது. பிரிட்டன் முழுவதும் சுமார் 2,800 பேருக்கு வேலை போகும் என்று கம்பெனியே கணக்குச் சொன்னது. புது உலைக்குக் கட்டட வேலை தொடங்கியதே 2025 ஜூலையில்தான்.

அதற்குப் பத்து நாள் முன்பு, 2024 செப்டம்பர் 20-ல், அதே கம்பெனி நம் ஒரிஸாவின் கலிங்க நகரில் இந்தியாவிலேயே பெரிய ஊதுலையை ஏற்றியது. 2006 ஜனவரி 2-ல், நிலம் விட மாட்டோம் என்று நின்ற ஆதிவாசிகளைப் போலீஸ் சுட்டு, பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த இடம் அது. வேல்ஸ் வானத்தில் புகை குறைந்தது மெய். உலகத்துப் புகை குறைந்ததா என்று கேட்டால், கணக்கு வேறு மாதிரி வருகிறது.

காற்று மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்கு மேலே பென்-அ-கம்மொய்த் என்ற மலையில் 76 காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றைக் கட்டிய கம்பெனி ஸ்வீடன் சர்க்காருக்குச் சொந்தம். ஸ்வீடன் சர்க்கார் செய்யலாம், வேல்ஸ் சர்க்கார் செய்யக் கூடாதா? 2024-ல்தான் தன் சொந்தக் காற்றாலைக் கம்பெனியை அது ஆரம்பித்தது. தாமதம்தான், ஆனாலும் சரியான காரியம்.

கடைசியாக, நிலக்கரி மிச்சம் வைத்துப் போன மேடுகள். 1966 அக்டோபர் 21 காலையில் அபர்வான் கிராமத்துக்கு மேலே குவித்திருந்த சுரங்கக் கழிவு மேடு, மழை நீரில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் மாண்டார்கள்; அதில் 116 பேர் குழந்தைகள். மிஞ்சியிருந்த மேடுகளை அப்புறப்படுத்துங்கள் என்று தாய் தகப்பன்மார் கேட்டபோது, குழந்தைகளை இழந்தவர்களுக்காக ஜனங்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுனைச் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1997-ல்தான் அந்தத் தொகை திரும்பி வந்தது, வட்டி ஒரு காசு இல்லாமல். 2007-ல் வேல்ஸ் சர்க்கார் தன் பணத்திலிருந்து 20 லட்சம் பவுன் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தது.

அப்படிப்பட்ட பழைய மேடுகள் வேல்ஸில் இன்னும் சுமார் 2,500 இருக்கின்றன. மழை இப்போது முன்னிலும் கடுமையாகக் கொட்டுகிறது. 2020 பிப்ரவரியில் டைலர்ஸ்டவுனில் ஒரு மேடு சரிந்தது. 2024 நவம்பரில் குவம்டிலரியில் சரிந்த சேறு வீடுகளுக்குள் புகுந்தது. 2025 செப்டம்பரில் வேல்ஸ் ஒரு சட்டம் செய்து, இந்த மேடுகளைக் கண்காணிக்கத் தனி அதிகாரக் குழு 2027 ஏப்ரலுக்குள் வேலை தொடங்க வேண்டும் என்று விதித்தது. எல்லா மேடுகளையும் பத்திரப்படுத்த 50 முதல் 60 கோடி பவுன் வரை ஆகும் என்பது வேல்ஸ் சர்க்காரின் மதிப்பு. நிலக்கரி போன காலத்தில் வேல்ஸுக்குச் சட்டசபையே கிடையாது. லாபம் ஒரு பவுன் கூட அதன் கஜானாவுக்கு வந்ததில்லை. செலவில் பங்கு கொடு என்று லண்டனைக் கேட்டார்கள். 2024-ல் இரண்டரைக் கோடி பவுனும், 2025-ல் 11 கோடியே 80 லட்சம் பவுனும் லண்டன் ஒதுக்கியிருக்கிறது.